அமைச்சருக்கு ஓர் அர்ச்சனை

பனி நாடொன்றின் செயின்ட்-மிஷேல் வட்டாரத்தில், ஒரு கட்டிடத்தின் அடித்தளத்தில் இயங்கும் கோயில். வெள்ளி மாலை. வாசலில் குவிந்த பனிக் காலணிகளின் ஈர வாடை சாம்பிராணியை வென்றுவிடுகிறது. நான் சிட்னியிலிருந்து வந்தவன் என்றதும், அர்ச்சனைத் தட்டோடு நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர் என் பக்கம் திரும்புகிறார். அவர் தம்பியின் அகதி மனு ஆஸ்திரேலியக் குடிவரவு அமைச்சரின் மேசையில் கிடக்கிறதாம். அதனால் வாராவாரம் அமைச்சர் பேருக்கே அர்ச்சனை.

"அண்ணை, அமைச்சரின்ரை நட்சத்திரம் தெரியுமோ?"

நட்சத்திரம் தெரியாது, ஆனால் அமைச்சர்களின் பதவிகளை நான் தேதிவாரியாகக் குறித்து வைப்பவன். இவர் முன்னாள் பள்ளி ஆசிரியர், மூன்றாம் முயற்சியில் எம்.பி., முதலில் விளையாட்டுத் துறை, பிறகு குடிவரவு.

"போன செவ்வாய்லேர்ந்து மீன்வளத் துறைங்க," என்கிறேன்.

"மீனோ?"

"உங்க அர்ச்சனை அவருக்குப் பலிச்சிடுச்சு. தொல்லை இல்லாத துறை."

அவர் சிரிக்கவில்லை. "புதுசா வந்தவர் ஆர்?"

அந்தச் செவ்வாயன்றே நான் விமானம் ஏறிவிட்டேன், புதியவர் யாரென்று தெரியவில்லை.

குருக்கள் வந்து பேர் கேட்கிறார்.

"பேர் வேண்டாம் ஐயா. அந்தக் கதிரையிலை ஆர் இருந்தாலும் அவருக்கு."

"நட்சத்திரம்?"

"தம்பின்ரையைச் சொல்லுங்கோ. பூரட்டாதி."

குருக்கள் கண்ணை மூடி, ஆஸ்திரேலிய நாற்காலி ஒன்றைப் பூரட்டாதியில் பிறக்க வைக்கிறார்.