ஒரே ஸ்லைடில் அண்ணியும் நானும்

எங்கள் அண்ணியின் கர்ப்பப்பை வேலைக்குப் போகிறது. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் என் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அண்ணி ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். உடம்பிலிருந்து வெட்டி எடுத்த துண்டை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுப்பது அவர் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் 'கண்ட்ரோல் அக்கா'. எங்கள் வீட்டிலும் அந்தப் பட்டம் பொருந்தும். டிவி ரிமோட் முதல் அண்ணனின் நாக்கு வரை எல்லாம் அவர் கையில்தான். ஆனால் கூடத்தில் அந்தப் பெயர் வந்த கதை வேறு.

மார்பகப் புற்றுநோயில் ஒரு வகை, பெண்ணின் சொந்த ஹார்மோனைத் தின்றே வளரும். ஹார்மோனைப் பிடித்துக்கொள்ள அதன் செல்களில் ஏற்பிகள் இருக்கும். அவை இருந்தால் தினம் ஒரு மாத்திரையால் அதன் சோற்றில் மண்ணைப் போட்டுவிடலாம். இல்லாவிட்டால் அந்த மாத்திரை வீண். இருக்கிறதா என்று பார்க்கச் சாயம் ஏற்றுகிறார்கள். ஏற்பி இருந்தால் செல்லின் கரு பழுப்பாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். சரி, நீலமாக நின்றால் ஏற்பி இல்லை என்று அர்த்தமா, சாயம்தான் ஏறவில்லையா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க, ஏற்பி நிச்சயமாக உள்ள வேறொரு திசுவையும் அதே ஸ்லைடின் ஓரத்தில் ஒட்டிவைப்பார்கள். அதுதான் கண்ட்ரோல். கர்ப்பப்பைச் சதையில் ஏற்பிக்குப் பஞ்சமே இல்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணிக்குக் கர்ப்பப்பையில் சாதாரணக் கட்டிகள் வந்து, மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்றார்கள். வீடே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அண்ணி படுக்கையிலிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிவு எழுதுகிறவர் அவர்தான்.

"மேடம், குப்பைக்குத்தானே போகப்போகுது? நம்ம கண்ட்ரோலுக்கு வச்சுக்கலாமே. ரெண்டு பிள்ளைங்கள பெத்துக் குடுத்தாச்சு, இனிமே அது வேலைக்குப் போகட்டும்."

முறைப்படி கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து முகம் தெரியாத எத்தனையோ பெண்களின் ஸ்லைடுகளில், ஓரமாக, எங்கள் அண்ணி.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்திக் கத்தியே தொண்டை கரகரவென்று ஆகிவிட்டது. அண்ணியும் நானும் ஒரு சமையலறையில் சேர்ந்து நின்றால் கொஞ்ச நேரத்தில் பாத்திரங்கள் எங்களுக்குப் பதிலாகப் பேச ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட எங்கள் இருவரையும் ஒரே கண்ணாடியில் உட்காரவைத்தது என் இடது மார்பில் வந்த கட்டி.

முதலில் ஊசி குத்தித் துணுக்கு எடுத்துப் பார்த்த சின்ன கிளினிக்கில், புற்றுநோய் என்று மட்டும் சொன்னார்கள். பிறகு அண்ணியின் ஆஸ்பத்திரியில் கட்டியை எடுத்தார்கள். மிச்சமிருந்தது ஒரே கேள்வி. அந்த மாத்திரை எனக்குப் பலிக்குமா? பலித்தால், நோய் திரும்பி வராமல் பல வருஷத்துக்கு ஒரு காவல். பலிக்காது என்றால் அந்தக் காவல் எனக்கு இல்லவே இல்லை. என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த வருஷங்கள் வேண்டியிருந்தன.

ஸ்லைடுகள் டாக்டரம்மாவிடம் போகும்முன் கண்ட்ரோல் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று அண்ணி பார்த்துவிட வேண்டும். என் ஸ்லைடில் அண்ணியின் துண்டு அம்சமாகப் பழுப்பேறியிருந்தது. என் புற்றுச் செல்கள் நீலமாகவே நின்றன. கண்ட்ரோல் சரியாக இருக்கிறது, ஆகவே ஏற்பி இல்லை என்று அத்தோடு முடித்திருக்கலாம்.

அண்ணி கண்ணை எடுக்கவில்லை. கட்டியை ஒட்டி என் நல்ல மார்புத் திசுவும் கொஞ்சம் வந்திருந்தது. அதில் பால் வரும் குழாய்கள் இருந்தன. நோயில்லாத பால்குழாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களாவது பழுப்பாகியே தீர வேண்டும். என்னுடையதில் ஒன்றுகூட ஆகவில்லை. ஆக, சாயத்தில் குறையில்லை, சாயம் ஏற்றும் மிஷினில் குறையில்லை, என் துண்டுதான் வாயைத் திறக்கவில்லை.

அதைப் பார்த்ததும் அண்ணிக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம் வந்தது. நம் வீட்டுப் பெண் என்பதால்தான் இப்படித் தோன்றுகிறதோ, இல்லை என்பதை இருக்கு என்று மாற்ற மனசு வழி தேடுகிறதோ என்று. நாத்தனாருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று ஒரு அண்ணி அவ்வளவு ஆசைப்பட்டதே உலக அதிசயம், அது கிடக்கட்டும். அவர் ஸ்லைடில் இருந்த என் நம்பரின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்து, அன்றைய ஸ்லைடுகளுக்கு நடுவே செருகி, ஒன்றும் தெரியாதவர்போல் டாக்டரம்மாவின் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா, இது யாரோடது? உங்க துண்டு நல்லாத்தான் ஏறியிருக்கு. ஆனா இவங்க பால்குழாயே ஏறலையே! இத வச்சு நான் எப்படி இல்லைன்னு எழுதறது? இது செல்லாது."

அதற்குப் பிறகுதான் அண்ணி அந்தக் காகிதத்தை உரித்தார்.

காரணத்தையும் தேடிப் பிடித்தார்கள். எடுத்த கட்டியைக் குறுக்கே கீறாமல், முழுசாக அப்படியே, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் டப்பாவில் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் விடுமுறை. மருந்து உள்ளே ஊறிப் போய்ச் சேர்வதற்குள் நடுப்பகுதி கெட்டுப்போயிருந்தது. இனிமேல் கட்டியைக் கீறாமல் டப்பாவை மூடக் கூடாது என்று டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டருக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு இதையெல்லாம் விளக்கியபோது நான் அண்ணியின்மேல் பாய்ந்தேன்.

"இல்லைன்னா இல்லைன்னு சொல்லித் தொலைங்களேன் அண்ணி! எதுக்குப் போட்டு இழுத்தடிக்கிறீங்க?"

"இல்லைன்னா சொல்லிடுவேன்மா. இல்லைங்கறது வேற, தெரியலைங்கறது வேற. இது தெரியல."

அந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் ஒரு உயிரே தொங்கும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை காலம் நான் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஊசியில் எடுத்த துணுக்கு சின்னது, எடுத்த கையோடு மருந்தில் விழுந்தது, அதனால் கெட்டிருக்காது என்றார் டாக்டரம்மா. அதைப் புதைத்த மெழுகுக் கட்டி அந்தச் சின்ன கிளினிக்கில்தான் இருந்தது. வாயைத் திறக்காத எங்கள் அண்ணன் அங்கே போய் முதல்முறையாகக் குரலை உயர்த்தி, அதை வாங்கி, சட்டைப் பையில் போட்டு, வெயில் படாமல் கையால் பொத்திக்கொண்டே வந்து சேர்ந்தார்.

அது கூடத்துக்குப் போன மறுநாள் சாயங்காலம் நான் அண்ணி வீட்டு வாசலிலேயே நின்றேன்.

"என்ன ஆச்சு?"

"டாக்டரம்மா இன்னும் பாக்கல."

செருப்பைக் கழற்றினார். கை கழுவினார். காய் நறுக்க உட்கார்ந்துவிட்டார். நான் விட்டேனா? "உங்களுக்கென்ன, கல்லு மாதிரி உக்காந்துட்டீங்க, கெடந்து தவிக்கறது நான்தானே" என்று ஆரம்பித்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் செய்த குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அண்ணன் மெதுவாக எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அண்ணி தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சாப்புடு. தெம்பு வேணும்ல, நாளைக்கும் திட்டறதுக்கு."

மறுநாள் டாக்டரம்மாவே என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார். முதலில் ஓரத்தைக் காட்டினார். "இது உங்க அண்ணி." பழுப்பு மணிகளை அள்ளித் தெளித்ததுபோல் இருந்தது. பிறகு ஸ்லைடை நகர்த்தினார். "இது உங்க நல்ல பால்குழாய்." நீல வரிசையின் நடுவே அங்கங்கே பழுப்பு. என் உடம்பின் நல்ல செல்கள், இந்தத் துணுக்கு கெடவில்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. இன்னும் நகர்த்தினார். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே பழுப்பு.

"இதுதான் உங்க கேன்சர். முழுக்க ஏற்பி இருக்கு. மாத்திரை கேக்கும்."

என்னைக் கொல்ல வந்தது இவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நான் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெளியே வராந்தாவில் அண்ணி நின்றிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணி, சாயம் எப்ப ஏத்துனீங்க?"

"நேத்து மத்தியானம்."

"கண்ட்ரோல நீங்கதானே முதல்ல பாப்பீங்க? அப்ப நேத்து நான் அந்தக் கத்து கத்தறப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பாத்தேன், அவ்வளவுதான். நேத்தும் உன் நம்பர மறைச்சுத்தான் வச்சேன். டாக்டரம்மா பாத்தப்புறம்தான் தெரியும்."

அவ்வளவையும் கண்ணில் வைத்துக்கொண்டா இவர் காய் நறுக்கினார்! அண்ணி என்னைத் தாண்டி, மூடியிருந்த டாக்டரம்மாவின் அறைக் கதவைப் பார்த்தார்.

"ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டாங்களா?"

"போட்டாச்சு அண்ணி."

"அப்ப நான் கொஞ்சம் அழுதுக்கறேன்மா" என்று சொல்லிவிட்டு, கண்ட்ரோல் அக்கா அழுதார்.