அம்மா வேலை என்று ஒத்துக்கொண்ட நாள்

பிள்ளைகளே, அம்மா இறைவனிடம் போய் ஒரு வருடமாகிறது. இந்த நினைவு மலருக்குப் படித்த ஒருவரைக் கொண்டு எழுதுவிக்கலாம் என்று மாமா சொன்னார். நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் வாசிக்கும் உறவினரும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூத்தவளுக்கு இதெல்லாம் தெரியும். இளையவன் அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தபடியால், முக்கியமாக அவனுக்காகவே எழுதுகிறேன்.

அம்மா கொழும்பு மட்டக்குளியில் பிறந்தவர். அவருடைய அப்பா கடற்றொழில் செய்தவர். ஓ.எல். பரீட்சை எழுதிய கையோடு தையல் ஃபெக்டரியில் சேர்ந்தார். என்னைக் கட்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த பிறகும், மூத்தவளை வயிற்றில் சுமந்தபோதும் அந்த மெஷினில்தான் இருந்தார். ஒருநாள் காலை வேலைக்குப் போனவர், கொண்டுபோன சோற்றைத் திறக்காமலே திரும்பி வந்தார். ஃபெக்டரி கேற்றில் பூட்டுத் தொங்கியதாம். ஏன் என்று சொல்லக்கூட அங்கே ஆள் இல்லை. அன்றிலிருந்து ‘கம்பனி’ என்ற சொல்லே அம்மாவுக்கு ஆகாது. பிள்ளைகள் அரசாங்க வேலைக்குத்தான் போகவேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார்.

மூத்தவள் பட்டம் எடுத்த அன்று அம்மா ஒரு நேர்த்தி வைத்தார். பிள்ளைக்கு வேலை கிடைத்தால், ஒரு செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் வாசலில் ஏழைகளுக்குச் சோற்றுப் பார்சல் கொடுப்பதாக நேர்த்தி. வேலை என்றால் அம்மாவுக்கு அரசாங்க வேலைதான்.

ஒரு வருடம் போனது. இன்னொன்றும் போனது. எங்கள் எதிர்வீட்டு அன்ரியின் மகளும் அதே வருடம் பட்டம் எடுத்தவள். கோயில் வாசலில் அன்ரி பிடித்துக்கொள்வார்.

“இன்னும் சரிவரேல்லையோ? எங்கட பிள்ளைக்கெண்டா மினிஸ்ட்ரியில ஒராள் கதைச்சு வச்சிருக்கிறார்.”

“நல்லது. அவரைத் தொடர்ந்து கதைக்கச் சொல்லுங்கோ” என்பார் அம்மா. வீட்டுக்கு வந்த பிறகு சட்டி பானைச் சத்தம்தான் கேட்கும்.

அப்போதுதான் நுகேகொடையில் ஒரு கம்பனி மூத்தவளைக் கணக்குப் பகுதிக்குக் கூப்பிட்டது. கம்பனியில் சேர்ந்தால் சம்பளத்தில் பிடிக்கும் சேமலாப நிதிக்கு இலக்கம் விழும், இலக்கம் விழுந்தவரை வேலையற்ற பட்டதாரிகளுக்கு வேலை கொடுக்கும் லிஸ்டில் அரசாங்கம் சேர்க்காது என்ற பேச்சு அந்நாளில் எல்லா வீட்டிலும் இருந்தது.

“நம்பர் விழுந்தா லிஸ்டில இருந்து வெட்டிப்போடுவாங்கள். இவ்வளவு காலம் பொறுத்தது வீணா?” என்றார் அம்மா.

“பொறுத்தது நான், அம்மா.”

அம்மா, “போறதெண்டா போ. வேலை கிடைச்சிட்டுதெண்டு மட்டும் என்னட்டச் சொல்லாத” என்றார்.

மூத்தவள் போனாள். விடியவே இறங்கி இரண்டு பஸ் மாறவேண்டும். சில நாள் வேலை முடிந்து நேரே கோயிலுக்கு வருவாள். அந்த ஒஃபிஸ் பையோடு அவள் பக்கத்தில் நிற்கும்போதே யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் அம்மா, “இன்னும் இல்லை” என்பார். பிள்ளை நிலத்தைப் பார்ப்பாள். நான் இருவருக்கும் பொதுவாக இருமுவேன்.

அந்தக் காலத்திலேயே அம்மாவின் சிறுநீரகம் பழுதென்று டொக்டர்மார் சொன்னார்கள். நோய் வருத்தத்தைவிட எனக்கு வேறொரு பயம். அம்மா இப்படியே போய்விட்டால், அந்த ‘இன்னும் இல்லை’யைப் பிள்ளை காலமெல்லாம் சுமப்பாளே என்று. நேர்த்தியைப் பற்றி இரண்டு தரம் பேச்செடுத்தேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரி சுகம் பார்க்க வந்தார். கனநேரம் வேறெதையோ கதைத்துவிட்டுக் கடைசியில் மெல்லக் கேட்டார்:

“அக்கா, உங்கட மகளட்ட ஒருக்காச் சொல்லுங்களேன். அந்த நுகேகொடை ஒஃபிஸில எங்கட பிள்ளைக்கும் ஒரு இடம் இருக்குமோ எண்டு.”

மூத்தவள் குசினி வாசலில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அப்படியே நின்றாள்.

அம்மா தலையணையில் கையூன்றி நிமிர்ந்தார். “ஓம், சொல்றன். ஆனா அங்க கண்டபடி எடுக்கமாட்டாங்கள். எங்கட பிள்ளையை எத்தனை தரம் கூப்பிட்டுப் பார்த்திட்டு எடுத்தவங்கள்!”

அன்ரி போனதும் அம்மா என்னைப் பார்த்து, “என்னப்பா, வாற செவ்வாய் நேர்த்தியைக் குடுத்திடுவம்” என்றார்.

அந்தச் செவ்வாய் அம்மாவால் எழும்ப முடியவில்லை. மூத்தவள் அரைநாள் லீவு போட்டு ஓடிவந்து, கழுத்தில் கிடந்த ஒஃபிஸ் அட்டையைக் கழற்றப் போனாள்.

“கழற்றாத. அப்பிடியே போய்க் குடு. எங்கட பிள்ளை எங்க வேலை செய்யிறாள் எண்டு அந்தோனியாருக்கும் தெரியட்டும்” என்றார் அம்மா.

அதன்பின் அம்மா அதிக நாள் இருக்கவில்லை.

அந்த நேர்த்திச் சோற்றையெல்லாம் எங்களோடு நின்று சமைத்த எதிர்வீட்டு அன்ரிக்கும், எந்த நேரம் கூப்பிட்டாலும் த்ரீவீல் ஓட்டோவைக் கொண்டுவந்து நிறுத்திய பக்கத்து வீட்டு முஸ்லிம் நானாவுக்கும், வார்டில் அம்மாவைத் தாயாகப் பார்த்த தாதிமாருக்கும், இறுதிவரை தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இளையவனே, நீயும் பட்டம் முடித்துவிட்டு வரப்போகிறாய். எத்தனை காலம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. உனக்கும் அம்மா ஒரு நேர்த்தி வைத்துவிட்டுத்தான் போனார். என்னிடம் இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தார். அரசாங்க வேலை என்று அதில் இல்லை.