படலுக்கு வெளியே நின்ற மச்சான்

ராஜகுமாரியைப் போல வாய்த்துடுக்குக்காரி பாலசமுத்திரத்திலேயே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியான நான் தினமும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஆனாலும் அன்றைக்கு அவள்மேல் தப்பில்லை.

அவளுக்குப் பிழைப்பே நாட்டுக்கோழிதான். ஒருமுறை வெள்ளைக்கழிச்சல் வந்து, மூச்சிழுத்து, கழுத்து திருகி, அத்தனையும் செத்தன. இது வைரஸ், வந்தபின் மருந்து இல்லை, வராமல் தடுக்கத்தான் முடியும் என்று மாட்டாஸ்பத்திரியில் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் போட்ட பிளாஸ்கில் பஸ்ஸிலேயே தடுப்புமருந்து கொண்டுவந்து கோழிக் கண்ணில் சொட்டு விடுவாள். படலடியில் கிருமிநாசினித் தொட்டி உண்டு. அதில் கால் நனைக்காமல் நான்கூட உள்ளே போக முடியாது.

அவளுடைய அக்கா புருஷன் வேல்ராஜ் கோழி வியாபாரி. சீக்குக் கோழியைச் சாவதற்குள் விற்றுவிடுவதுதானே நம் ஜனங்களின் புத்தி. மலைக்கிராமங்களில் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சந்தையில் தள்ளுகிற ஆள் அவர். மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க, கோழிக்கூண்டு ஏற்றிய குட்டியானை வண்டியிலேயே மனைவியோடு வந்து இறங்கினார். கூண்டில் ஒரு கோழி வாயைப் பிளந்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அங்கயே நில்லுங்க மச்சான். நான் வந்து வாங்கிக்கிறேன்."

"கோழிக்காக என்னைய வெளிய நிறுத்துறியா?"

"வண்டியில கெடக்குறது என்ன சீக்குன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பத்திரிகைத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போனார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு ராஜகுமாரி போனாள். வாசலில் ஒருத்தர்கூட வா என்று சொல்லவில்லை. மொய் எழுதிவிட்டுக் கை நனைக்காமல் திரும்பினாள்.

அப்புறம் ஊருக்குள் சீக்கு புகுந்தது. என் கோழிகளும் போயின. அவள் கோழிகள் மட்டும் பிழைத்ததால், செய்வினை வைத்துவிட்டாள் என்றார்கள். நரம்பில்லாத நாக்கு எப்படியும் பேசும்.

தலைதீபாவளி வந்தது. சுற்றுப்பட்டு ஊரையெல்லாம் சீக்கு துடைத்துவிட்டதில், மாப்பிள்ளைக்கு அடித்துப் போட வேல்ராஜிடம்கூட ஒரு நாட்டுக்கோழி இல்லை. பிராய்லரை வைத்தால் சம்பந்தி வீடு சிரிக்கும். படலடிக்கு வந்தவர், யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றித் தொட்டியில் கால் வைத்தார்.

"ஒரு கோழி வேணும், ராஜகுமாரி."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒங்க வீட்டுக் கல்யாணத்துல என்னைய ஒருத்தரும் வான்னு சொல்லல. நான் சொல்றேன், வாங்க மச்சான். சீக்குக் கோழி தூக்குன அந்தச் சட்டையக் கழட்டி வெளிய போட்டுட்டு வாங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வேல்ராஜ் பொத்தானில் கை வைத்தார்.