சிறுமலைச் சரிவில் ஒரு வீட்டு மனை

திருச்சியிலிருந்து பாசஞ்சர் புறப்படும்போதே வெயில் ஏறிவிட்டது. பங்குனி மாதம். மணப்பாறையில் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கினேன். நயா பைசா வந்து சில வருஷங்கள் ஆகியும், விற்றவர் "ரெண்டணா" என்றுதான் சொன்னார். ஐயலூரைத் தாண்டியதும் இடதுபுறம் சிறுமலை தெரிய ஆரம்பித்தது. கொள்ளிடக்கரைச் சமவெளியில் பிறந்தவனுக்கு மலை என்பதே ஓர் அதிசயம். வடமதுரை வரை ஜன்னலை விட்டு நகரவில்லை.

திண்டுக்கல் ஸ்டேஷனுக்கு யூசுப் வந்திருந்தான். கல்லூரியில் என்னோடு படித்தவன், இப்போது அப்பாவின் தோல்ஷாப்பைப் பார்த்துக்கொள்கிறான். ஜட்கா பேகம்பூரை நெருங்கும்போதே ஊறப்போட்ட தோலின் வாடை வந்துவிட்டது. "உனக்கு வாடை. எங்களுக்குச் சோறு" என்று சிரித்தான். பிறகு மனைவியைப் பற்றிக் குரலைத் தாழ்த்தி, "ஜமீலாவுக்குத்தான் இது ஆகலைப்பா. இழுப்பு ஜாஸ்தியாயிருச்சு. காத்தோட்டமான எடத்துல வைங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் மலையில மனை வாங்கியிருக்கேன். நாளைக்குப் பாக்கப் போறோம்" என்றான்.

அன்று அந்தியில் மொட்டைமாடிக்கு ஏறினோம். ஒரு பக்கம் கோட்டைப் பாறை கறுத்து நின்றது. கிழக்கே சிறுமலை. அதன் தோளில் சிவப்பாக ஒரு கோடு மெல்ல வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. கார்த்திகைக்கு யாரோ வரிசையாக அகல் வைத்ததைப் போல, அவ்வளவு தொலைவில், அவ்வளவு அமைதியாக. அது காட்டுத் தீ என்று யூசுப் சொன்ன பிறகும் என்னால் நம்ப முடியவில்லை.

பின்னால் தேநீரோடு வந்த ஜமீலா, "நல்லாப் பாத்துக்கங்கண்ணே. அந்த மலையிலதான் ஒங்க கூட்டாளி எனக்கு வீடு கட்டப் போறாக" என்றார்.

"அது எங்கயோ உச்சியில எரியுது ஜமீலா. நம்ம மனை அடிவாரத்துக்குச் செத்த மேலதான்."

"தீக்குக் கீழ எறங்கத் தெரியாதாக்கும்" என்று சொல்லிவிட்டுத் தம்ளர்களை வைத்தார்.

சனிக்கிழமை காலை நத்தம் சாலையில் போகும் பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். ஆளுக்கு நாலணா. ஏழெட்டு மைல் தாண்டி, புளியமரங்கள் நிழல் விழுத்திய ஓரிடத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து மட்டக்குதிரைகள் போய்வரும் தடம் மலைமேல் ஏறியது. எதிரே வாழைத்தார் சுமந்த குதிரைகள் இறங்கி வந்தபோது ஓரமாக ஒதுங்கி வழிவிட்டோம். ஏற ஏறக் காற்று லேசானது. பாதித் தூரத்தில் ஜமீலா நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். இழுப்பு இல்லை. யூசுப் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வெற்றி தெரிந்தது.

மனை அழகான இடத்தில் இருந்தது. முன்னால் பார்த்தால் சமவெளி முழுவதும் கீழே விரித்துப் போட்டதுபோல் கிடந்தது. நத்தம் பக்கத்து மாந்தோப்புகள் கரும்பச்சையாக, தென்னைகள் புள்ளிகளாக, குளங்கள் காசுகளாக. வீட்டுக்கென்று உடைத்த கருங்கல் ஒரு ஓரம் குவிந்திருந்தது. கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு: மண்சுவர், புல் கூரை, சுற்றிலும் எலுமிச்சையும் வாழையும். அதுதான் வெள்ளையம்மாளின் வீடு. நாற்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகும் தோட்டத்தை விடாமல் தனியாகப் பார்த்து வருகிறவர்.

நாங்கள் போன நேரத்தில் அங்கே வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. எதிரே நின்றவர் அவருடைய தம்பி செல்லையா. கோடையில் காட்டிலாகாவுக்காகத் தீக்காவல் பார்ப்பவர். மேலே எரியும் தீ தெற்குப் பள்ளத்துக்குள் இறங்காமல் இருக்க, முகட்டில் ஆட்களோடு புல் வெட்டிக்கொண்டிருந்தாராம். அக்காளைக் கீழே போகச் சொல்ல வந்திருக்கிறார்.

"பாய், ஒங்ககிட்டயே சொல்றேன்" என்று யூசுப்பிடம் திரும்பினார். "இங்க வீடு கட்டாதீக. காடுன்னா எரியும். எரிஞ்சு மறுபடி தளிர்க்கும். நடுவுல ஒரு வீடு இருந்தா, நாங்க காட்டைப் பாக்குறதா, வீட்டைப் பாக்குறதா?"

"நல்லாயிருக்குடா ஒம் பேச்சு" என்றார் வெள்ளையம்மாள். "ஆளில்லாத பக்கம் போய்ப் பாரு, காஞ்ச போதைப்புல்லு தலைக்கு மேல நிக்குது. எம் பக்கம் ஒரு சருகு கெடக்கா? ஆளு குடியிருக்கிறதாலதான் தீ இங்கன நிக்குது. பாய், நீங்க கட்டுங்க. ரெண்டு வீடாச்சுன்னா ரெண்டு பங்கு கூட்டுவோம்."

அவர் சொன்னது உண்மை. தோட்டத்தைச் சுற்றி ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு வெறும் மண் தெரியும்படி கூட்டி வைத்திருந்தார். செல்லையா சொன்னதும் எனக்கு உண்மையாகவே பட்டது. அவர் அதற்குமேல் நிற்கவில்லை. "வெயில் தாழ்றதுக்குள்ள எறங்கிருங்க" என்று எங்களிடம் சொல்லிவிட்டு முகட்டுக்குப் போனார்.

இறங்கியிருக்கலாம். வெள்ளையம்மாள் சாப்பிடாமல் விடவில்லை. கம்பஞ்சோறும், வாழைப்பூ வெஞ்சனமும். சாப்பிட்டு, நிழலில் உட்கார்ந்து, யூசுப் எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்று கயிறு பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது காற்று திரும்பியது.

முதலில் வந்தவை பறவைகள். தீயை விட்டு ஓடிவரும் பூச்சிகளைப் பிடிக்கக் கரிச்சான் குருவிகள் புகைக்குள் பாய்ந்து பாய்ந்து வெளியே வந்தன. பிறகு ஒரு முயல் எங்கள் காலடியில் ஓடியது, எங்களைப் பொருட்படுத்தாமல். பிறகு சத்தம். அது தீயின் சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. மதகு திறந்து தண்ணீர் விழுவதாகத்தான் நினைத்தேன். நடுநடுவே மூங்கில்கள் துப்பாக்கிபோல் வெடித்தன. மேட்டில் நின்ற ஒரு மரம் முழுவதுமாக, வேரிலிருந்து நுனிவரை ஒரே கணத்தில், பூத்ததுபோல் பற்றிக்கொண்டது. பயம் வருவதற்கு முன்னால் எனக்கு வந்தது வேறு ஏதோ. கைகள் தாமாகக் குவிந்தன.

தடத்தைப் புகை மூடிவிட்டது. இறங்க வழி இல்லை. ஜமீலாவுக்கு இழுப்பு ஆரம்பித்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள்கள் தூக்கித் தூக்கிப் போட்டன. வெள்ளையம்மாள் அவரைத் தோட்டத்துக் கிணற்றடியில் படுக்க வைத்து, ஈரச் சேலையை முகத்தில் போட்டு, "தரையோட படு தாயி. கீழதான் நல்ல காத்து கெடக்கும்" என்றார். யூசுப்பும் நானும் சாக்குகளை நனைத்துக் கூரைமேல் எறிந்தோம். எறிந்த சாக்குகள் சற்று நேரத்தில் ஆவி விட்டன. பொறிகள் மழைபோல் விழுந்தன. இரண்டே பேர். கூரையில் ஓரிடத்தை அணைத்தால் இன்னோரிடம் புகைந்தது.

அப்போதுதான் முகட்டிலிருந்து செல்லையாவும் அவருடைய ஆட்களும் ஓடிவந்தார்கள். வந்தவர் எதையும் கேட்கவில்லை. அக்கா கூட்டி வைத்திருந்த மண்பாதையின் வெளி ஓரத்தில் நெடுகிலும் புல்லைக் கொளுத்தச் சொன்னார். நெருப்பை அணைக்க வந்தவர் நெருப்பு வைக்கிறாரே என்று நான் திகைத்து நிற்க, அந்தச் சிறு தீ பெரிய தீயை நோக்கி ஊர்ந்தது. இரண்டும் சந்தித்த இடத்தில் ஒரு சுவர்போல் வானத்துக்கு எழுந்தது. முகத்தில் அனல் அடித்தது. பிறகு, தின்ன எதுவும் இல்லாமல், அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

வீடு பிழைத்தது. தோட்டம் பிழைத்தது. புகை மேலே ஏறியதும் ஜமீலாவின் இழுப்பும் மெல்ல இறங்கியது. வெள்ளையம்மாள் தம்பியின் கையைப் பிடிக்கப் போனார். செல்லையா பார்த்துக்கொண்டிருந்தது முகட்டை. ஆட்கள் விட்டுவந்த இடத்தின் வழியாகத் தீ ஏறி அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

"போச்சு" என்றார்.

அன்றிரவு வெள்ளையம்மாள் வீட்டிலேயே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவரோடு முகட்டுக்கு ஏறினேன். தெற்குப் பள்ளம் முழுவதும் கறுத்துக் கிடந்தது. இருவர் சேர்ந்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத வேங்கை மரங்கள் நின்றபடியே கரியாகியிருந்தன. சில இன்னும் உள்ளுக்குள் கனன்றன. அவ்வளவு பெரிய இடத்தில் ஒரு பறவைச் சத்தம் இல்லை. கோயிலுக்குள் நுழைந்தவன்போல் நான் செருப்பைக் கழற்ற நினைத்தேன். தரை சுட்டது.

"எங்களால இப்படி ஆயிருச்சு" என்றேன்.

"ஆளு உள்ள இருக்கீகன்னு தெரிஞ்சா வராம எப்புடி இருக்கிறது?" என்றார் செல்லையா. குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது யூசுப் கற்குவியல்மேல் உட்கார்ந்திருந்தான். வீடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டான். கல்லைக் கீழே இறக்க மட்டக்குதிரைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றான்.

"எதுக்குக் கீழ எறக்கணும்?" என்றார் ஜமீலா. குரல் இன்னும் கம்மியிருந்தது. "இந்தக்கா எறங்கப் போறதில்ல. புல்லுக் கூரைக்குள்ள இருக்குற வரைக்கும் அவுக தம்பி ஓடியாந்துக்கிட்டேதான் இருக்கணும். இவுகளுக்குக் குடுத்துருங்க. கல்லுச் சுவரு எழுப்பி, ஓடு போட்டுக்கட்டும்."

வெள்ளையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். செல்லையா மட்டும் தலையை ஆட்டினார். "கல்லு வீடு ஒண்ணு வந்துட்டா, அதைப் பாத்து இன்னும் நாலு பேரு வருவாக ஆத்தா." அவர் சொன்னதில் தவறு இல்லை. ஆனாலும் போகும்போது ஒரு கல்லை எடுத்து அக்காள் வாசலில் வைத்துவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமை ஊருக்கு ரயிலேறினேன். ஜமீலாவை நத்தத்தில் ஒரு மாந்தோப்பு வீட்டில் வைக்கப் போவதாக யூசுப் ஸ்டேஷனில் சொன்னான். வண்டி வடமதுரையைத் தாண்டும்வரை மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி பச்சை, பாதி கறுப்பு. அத்தனைக்கும் நடுவே, என் கண்ணுக்கு எட்டாமல், ஓர் எலுமிச்சைத் தோட்டம்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையில் புகை வாடை போகவில்லை என்று முகர்ந்து பார்த்த என் மனைவி, "அந்தம்மா பேசாம கீழ வந்துடலாமே. எரியும்னு தெரிஞ்சே ஏன் அங்க இருக்கணும்?" என்று கேட்டாள்.

எங்கள் வீடு இருப்பது கொள்ளிடத்தின் கரைக்கு உள்ளே, படுகையில். ஆடிப் பெருக்கு மிஞ்சும் வருஷங்களில் கரையைக் காக்க மணல் மூட்டை அடுக்கும் ஆட்கள், அதை விட்டுவிட்டுப் பரிசல் கொண்டுவந்து எங்களை ஏற்றிப் போவார்கள். தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். நாங்கள் அங்கே இருக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. வெயிலில் மணல் வெகுதூரம் வரை மின்னிக்கொண்டிருந்தது.