செல்லாத மாதிரி

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு மூத்தவளான அவளுக்கு 'மறுபடி' என்று பெயர். சின்னச் சந்தேகம் வந்தாலும் "மறுபடி போடு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த மாதிரிகளில், புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. அவள் சிரிப்பது அத்தி பூத்தாற்போல்தான்.

அன்று ஓடிய மாதிரிகளில் ஒன்று அவள் தங்கையுடையது. வீட்டிலேயே மாதிரி எடுத்துக்கொள்ளும் பிரஷ்ஷையும் அதை முக்கி வைக்கும் திரவக் குப்பியையும் கொடுத்து, நச்சரித்து வாங்கி வந்திருந்தாள். திரையில் வைரஸுக்கான கோடு எழவில்லை.

"அப்பாடா! தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லக்கா" என்றேன்.

அவள் முகம் வெளுத்தது. இன்னொரு கோடு உண்டு. மாதிரியில் மனித செல் இருந்தாலே எழுவது. அதுவும் தரையோடு தரையாகக் கிடந்தது. 'செல்லாது' என்றது இயந்திரம். மிச்சத்தை மறுபடி போட்டாள். அதே கதைதான். மற்றவர்களுடையதெல்லாம் ஒழுங்காக எழுந்திருந்தது.

தங்கைக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"இல்லன்னு வந்துடுச்சாக்கா?"

"அது அப்புறம். அதுல உன் செல்லே இல்லடி. பிரஷ்ஷ என்ன பண்ணின?"

"உள்ள வைக்கவே இல்லக்கா. அப்படியே அந்தத் தண்ணில முக்கிட்டேன். இல்லன்னு வந்தா நீ என்னை விட்டுடுவேன்னு நினைச்சேன்."

"அறிவிருக்கா? யாரை ஏமாத்துற?"

"அம்மா இதுலதானேக்கா போனாங்க. இருக்குன்னு வந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் கோபம் பொசுக்கென்று வடிந்துவிட்டது. "கிளம்பி வா. நான் இருக்கேன்" என்றாள்.

தங்கை வந்தாள், இந்த முறை நர்ஸ் எடுத்தார். இயந்திரம் ஓடி முடியும்வரை அக்காக்காரி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பேச்சுக் கொடுத்த என்மேல் எரிந்து விழுந்தாள். செல்லுக்கான கோடு எழுந்தது. கொஞ்ச நேரத்தில், சனியன், மற்றதும் எழுந்தது.

வராந்தா பெஞ்சில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த தங்கை, எங்களைப் பார்த்ததும் எழுந்தாள்.

"இருக்கா?"

"இருக்கு. வைரஸ் இருந்தா புற்றுநோய்னு அர்த்தமில்ல. டாக்டர் பார்ப்பாங்க. உள்ள செல் ஏதாவது மாறியிருந்தா அதை எடுத்துடலாம்" என்றாள் அக்கா.

"நானும் அம்மா மாதிரிதானா?"

அக்கா அவளைப் பிடித்து உட்கார வைத்தாள். "அம்மாவுக்கு யாருமே பாக்கலடி. உனக்குப் பாத்தாச்சு."

அதற்குப் பிறகுதான் இருவரும் அழுதார்கள்.