ரதி இறங்கிய தொண்டை

என் கணவர் செல்லையாவின் குரலில் முதன்முதலாகக் கரகரப்பு வந்தது ஒரு மாசி மாதத்தில். புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரித்த பிறகு ரதி அழும் ஒப்பாரியைப் பாடுவது அவர்தான். மலைநாட்டில் நாட்டுப்பாட்டு என்றால் செல்லையா என்றிருந்த காலம் அது. வானொலியில் பாடினார், கேசட் வந்தது, தூரத்துத் தோட்டங்களிலிருந்து லொறி பிடித்து வந்து கேட்டார்கள். நான் அவருக்குப் பின்பாட்டு.

அந்த வருடம் ஒப்பாரியின் உச்சத்தில் குரல் உடைந்தது. அழுது அழுது தொண்டை கட்டிய பெண்ணின் குரல் போலவே இருந்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். கூத்து மாஸ்டர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ரதி செல்லையா தொண்டையில எறங்கிட்டா. இனி அத யாரும் தொடாதீங்க.”

அந்தச் சொல்லில்தான் கெட்டோம். இறங்கியது ரதி என்றால் அதற்கு மருந்து எதற்கு? கேசட்காரர்கள் மறுபடியும் வந்து இந்தக் குரலில் பதிவு செய்தார்கள். முன்னைவிடப் பேர் கூடியது.

பாட்டு நாட்களில் மிளகு தட்டிப் போட்டுக் கொத்தமல்லி அவித்துக் கொடுப்பவள் நான். அதை நிறுத்தினேன். மறந்து நிறுத்தவில்லை; குரல் தெளிந்துவிடுமோ என்று பயந்து நிறுத்தினேன். கொத்தமல்லித் தண்ணீர் இந்த நோயைத் தீர்க்காது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

சில மாதம் கழித்து அவரே கேட்டார். “பாக்கியம், முழுங்கும்போது காதுக்குள்ள குத்துது. கண்டிக்குப் போயி காட்டிட்டு வருவோமா?”

“அடுத்த காமன் முடியட்டுங்க,” என்றேன்.

அவர் வற்புறுத்தவில்லை. என் வாய்க்கு எதிர்வாய் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அடுத்த காமனும் முடிந்தது. அதற்குள் சோறு இறங்க மறுத்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் யாழ்ப்பாணத்து டொக்டர், இளம் பெண். மூக்கு வழியாக என்டோஸ்கொப்பி (கமரா பொருத்திய மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

“எவ்வளவு காலமா இப்பிடி, அம்மா?”

“ஒரு வருசத்துக்கு மேல இருக்குங்க.”

“ஏன் இவ்வளவு நாளும் கொண்டுவரேல்ல?”

ரதி என்று நாக்கு நுனிவரை வந்தது. “பாட்டு இருந்துச்சுங்க,” என்றேன். டொக்டர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதையும் எழுதிக்கொண்டார்.

பயொப்சி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்றுநோய். முந்தி வந்திருந்தால் கதிர்ச்சிகிச்சையோடு குரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம், இப்போது குரல்வளையை எடுக்கத்தான் வேண்டும் என்றார் டொக்டர்.

“உசுரு இருக்குமா?” என்று இவர் கேட்டார்.

“இருக்கும் எண்டுதான் நம்புறம், ஐயா.”

“அப்ப எடுத்துருங்க.”

அவ்வளவுதான் அவர் யோசித்தது. நான் அந்த நேரத்திலும் குரல் போகிறதே என்றுதான் முதலில் நினைத்தேன், உயிரை இரண்டாவதாகத்தான் நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது.

இப்போது அவர் மூச்சு விடுவது கழுத்தில் போட்ட துளை வழியாக. குளிக்கும்போது அதில் தண்ணீர் போகாமல் பார்க்க வேண்டும், தூசு போகாமல் மெல்லிய துணி கட்ட வேண்டும். மணம் தெரிவதில்லை, கருவாடு கருகினாலும் அவருக்கு ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியாகக் கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில் வாடகைக்கு வந்தோம். அங்கே உணவுக்குழாய்ப் பேச்சு (காற்றை விழுங்கி ஏப்பம் போல் வெளியே விட்டுப் பேசுவது) பழகினார். முதலில் வந்த சொல் “தண்ணி.” சொம்போடு ஓடினேன், பாதி தண்ணீர் என் சேலையில்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சில வாரமாகியும் தொண்டைக் கட்டு விடவில்லை என்றால் காட்டிவிடுங்கள். ஊரே கைதட்டினாலும் காட்டுங்கள்.

போன மாதம் உறவில் ஒரு கலியாணத்துக்குப் புசல்லாவை பஸ்ஸில் போனோம். “அண்ணே, செல்லையாவோட ஒப்பாரியப் போடுங்க,” என்று ஒரு பெண் சாரதியிடம் கேட்டாள். பக்கத்தில் இருப்பவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. உடைந்த குரல் பஸ் முழுக்க நிறைந்தது.

எனக்கு அது பாட்டாகக் கேட்கவில்லை. பதிவு செய்த அன்று அந்தத் தொண்டையில் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. யாராவது போட்டுக் கேட்கும்போதெல்லாம் அது மறுபடி வளர்கிறது, நான் மறுபடி பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடுகிறேன். நிறுத்தச் சொல்ல எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

கடைசிவரை கேட்டார். பிறகு காற்றை விழுங்கி விழுங்கி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “ரெண்டாவது... அடியில... நீ... சுதி... விட்டுட்ட.”

இத்தனை வருடமாக அவர் என்மேல் ஒரு குற்றம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் சொன்னது இதுதான். சொல்லிவிட்டுச் சிரித்தார், சத்தம் வரவில்லை, கழுத்துத் துணி மட்டும் ஆடியது.

“ஆமாங்க, விட்டுட்டேன்,” என்றேன்.

விட்டுட்டேன் என்று நான் சொன்னது சுதியை அல்ல என்று அவருக்குத் தெரியும். இறங்கும் இடம்வரை என் கையை விடவில்லை.