டெல்லியில் மிஸ்டர் ஸாமிக்கு ஐந்து நிமிடம்

போன பிப்ரவரியில் இரண்டு நாள் டெல்லி போய் வந்தேன். செங்கோட்டை, குதுப்மினார் எதையும் பார்க்கவில்லை. தொழில்நுட்பத் தொழில்முனைவோர் சங்கம் ஒன்றின் கூட்டத்துக்குப் போனேன். என்னைப் போல நான்கே பேர் வேலை செய்யும் கம்பெனி வைத்துக்கொண்டு அப்படியொரு கூட்டத்துக்குக் கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நானும் நண்பர் சதீஷும் கோவையில் ஒரு சின்னக் கருவி செய்கிறோம். கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்திவிட்டு கைபேசிக்குத் தகவல் அனுப்பும். முறையான சோதனைச் சான்று இல்லாததால் பெரிய பம்பு கம்பெனிகள் எங்களை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. டெல்லிக் கூட்டத்தில் பத்துப் பேருக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் தருவார்கள். பேசுவதைக் கேட்டு மூத்த உறுப்பினர் ஒருவர் "இவர்களுக்கு நான் பொறுப்பு" என்று கையெழுத்துப் போட்டால், சங்கத்தின் சோதனைக்கூடத்தை ஆறு மாதம் பயன்படுத்தலாம். சதீஷுக்குப் பெங்களூரில் வேலை தயாராக இருந்தது. கூட்டத்தன்று மாலை நான்கு மணிக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அவர் போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

துவாரகா செக்டர் பத்தில் தங்கினேன், அறை வாடகை 1,400 ரூபாய். காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. கருவியைப் பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக ஒரு மணி நேரம் போனது. ஏழு மணிக்கு நீல வழித்தட மெட்ரோ. மண்டி ஹவுஸ் வரை ஐம்பத்தைந்து நிமிடம், கட்டணம் 54 ரூபாய். ஜனக்புரி தாண்டியதும் நிற்கவே இடமில்லாத கூட்டம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் நின்ற பெண் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து அரங்கம் ஒரு கிலோமீட்டர். நடந்தே போகலாம், எனக்குப் பொறுமை இல்லை. ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். "பையா, ஜல்தி" என்று டிரைவரை அவசரப்படுத்தினேன். கூட்டம் எத்தனை மணிக்கு என்று இந்தியில் கேட்டார். பத்து என்றேன். "மேடம், பூட்டே திறந்திருக்க மாட்டார்கள்" என்று சிரித்தார். அவர் சொன்னது சரி. முக்கால் மணி நேரம் வாசலில் நடந்தேன். மூன்று டீ குடித்தேன்.

உள்ளே போனதும் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். மாட்டிக்கொண்டேன், படிக்கவில்லை. தன் பெயரை யார் படித்துப் பார்ப்பார்கள்? மேடைக்கு ஆளின் பெயரை மட்டும்தான் கூப்பிட்டார்கள். கம்பெனிப் பெயரை நாமே மேடையில் சொல்லிக்கொள்வது அங்கே வழக்கம்.

நான்காவதாக "மிஸ்டர் ஸாமி" என்று கூப்பிட்டார்கள். யாரும் எழவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், மூன்றாவது முறையும். நானும் எல்லோரையும் போலக் கழுத்தைத் திருப்பித் தேடினேன். 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு எங்கே போய்த் தொலைந்தார் இந்த மனுஷன்' என்று எரிச்சல்கூட வந்தது. அவர்கள் அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

ஒன்பதாவது ஆள் மேடை ஏறிவிட்டார். முன்பதிவு மேசைக்கு ஓடி, "ஏன் என்னை இன்னும் கூப்பிடவில்லை?" என்று ஆங்கிலத்தில் சண்டைக்கே நின்றேன். அங்கிருந்த கல்யாணி என்ற பெண் என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"அச்சா, தமிழா? நீங்கதான் அந்த ஸாமியா! மூணு தடவ கூப்டாச்சே. ஆள் வரலைன்னு டிக் அடிச்சுட்டேன்."

என் பெயர் கவிதா. அப்பா பெயர் பழனிச்சாமி. ஆதாரில் அது 'பழனி சாமி' என்று இரண்டாக உடைந்திருக்கிறது. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்றதால் அதை அப்படியே போட்டேன். கணினி கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டது. 'மிஸ்டர்' தானாகவே இருந்தது, நான் மாற்றவில்லை. ஆக, நான் திட்டிக்கொண்டிருந்த மனுஷன் நானேதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ருக்கோ, ருக்கோ, கொஞ்சம் இருங்க. பத்தாவது ஆள் ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டாரு. அந்த அஞ்சு நிமிஷத்த வாங்கித் தர்றேன். ஆனா லிஸ்ட்ல பேர மாத்த முடியாது. ஸாமின்னு கூப்டா ஜல்தி எந்திருச்சிருங்க" என்றார் கல்யாணி. டெல்லி ஜனக்புரியிலேயே வளர்ந்த தமிழ்ப் பெண்ணாம்.

"மிஸ்டர்" என்றதுமே எழுந்துவிட்டேன். அரங்கம் சிரித்தது. முன்வரிசையில் சிவப்பு ஸ்வெட்டர் அணிந்த ஓர் அம்மாள், நொய்டாவில் சர்க்யூட் போர்டு தொழிற்சாலை வைத்திருக்கும் மூத்த உறுப்பினர், "மிஸ்டர் ஸாமி எங்கே?" என்று கேட்டார். மெட்ரோவில் மனப்பாடம் செய்ததெல்லாம் அந்த நொடியில் மறந்துபோனது.

"காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். என் அப்பா. இரண்டு முறை அவருடைய மோட்டார் எரிந்தது. அதனால்தான் இதைச் செய்தோம். முதல் கருவி அவர் கிணற்றில் இருக்கிறது. பதினான்கு மாதமாக மோட்டார் எரியவில்லை" என்றேன். மீதி நேரம் அந்த அம்மாள் கேட்டார், நான் சொன்னேன்.

சாப்பாடு இறங்கவில்லை. தாழ்வாரத்தில் நடந்துகொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி, மூன்றே கால். மூன்று நாற்பதுக்குக் கல்யாணி ஒரு தாளோடு வந்தார். அதில் நொய்டா அம்மாளின் கையெழுத்து இருந்தது. சதீஷுக்குப் போன் போட்டு, "பெங்களூருக்கு வரலைன்னு சொல்லிருங்க" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெட்ரோவுக்கு ஸ்மார்ட் கார்டு வாங்குங்கள், கட்டணம் கொஞ்சம் குறையும். பிப்ரவரி காலைக்கு ஸ்வெட்டர் வேண்டும். சங்கத்தில் சேருவதற்கு முன் யார் கையெழுத்துப் போடுகிறார்கள், அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். முக்கியமாக, அட்டையை வாங்கியதும் நின்று உங்கள் பெயரைப் படியுங்கள்.

சோதனைக்கூட அனுமதிக் கடிதம் ஆதார் முகவரிக்கு, அதாவது தோட்டத்துக்கே போய்விட்டது. அப்பா போன் செய்தார்.

"ஏனம்மிணி, மிஸ்டர் ஸாமின்னு டெல்லில இருந்து எனக்குக் கடுதாசி வந்திருக்குது, அங்க நான் பேசுனது புடிச்சிருந்துதாம். நான் எப்பப் போய் என்ன பேசுனேன்?"

"நீங்க பேசுனதுக்குத்தானுங்கப்பா கையெழுத்தே போட்டாங்க" என்றேன்.